ஸ்டூவர்ட் ப்ளூசன்: மணல் துகளைப் பின்தொடர்ந்து ஏகாட்டி வைரம் வரை, அங்கிருந்து 5 கோடி டாலர் கொடை வரை. சில சந்தேகங்கள்

மணல்தேடி (கேள்வி)

வணக்கம். கனடாவின் புவியியலாளர் ஸ்டூவர்ட் ப்ளூசன் பற்றி மாணவர் இதழ் ஒன்றுக்குக் கட்டுரை தயாராகிறது. "வடதுருவத்தில் வைரம் கண்டுபிடித்தார், 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி டாலர் கொடுத்தார்" என்று இரண்டு வரியில் முடித்துவிட மனமில்லை. நடுவில் நடந்ததுதான் மாணவர்களுக்கு வேண்டும்.

ஏகாட்டி வைரச் சுரங்கம் என்றாலே அவரோடு சேர்ந்து தேடிய சக் ஃபிப்கேயின் பெயர்தான் முன்னால் வருகிறது. அப்படியானால் ப்ளூசன் செய்தது என்ன? மெக்கென்சி பள்ளத்தாக்கில் கிடைத்த கார்னெட் துகள்களை வைத்து, அங்கிருந்து சுமார் 600 கி.மீ. கிழக்கே உள்ள லாக் த கிரா ஏரிப் பகுதிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? 1981இல் தொடங்கிய தேடலுக்கு 1991 வரை ஏன் ஆயிற்று? கடைசியாக, அந்தக் கொடைப் பணம் எந்த உரிமையிலிருந்து வந்தது, பல்கலைக்கழகம் அதை எப்படிப் பயன்படுத்தியது? மாதிரி எடுப்பது முதல் ஆய்வகம் வரை படிப்படியாகத் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பனித்தடம்

"வடதுருவம்" என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். ஏகாட்டி இருப்பது கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில், யெல்லோநைஃப் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கி.மீ. தூரத்தில். ஆர்க்டிக் வட்டத்துக்கு அது சுமார் 200 கி.மீ. தெற்கே. மரம் வளராத நிலம், எங்கு பார்த்தாலும் ஏரி. ஏகாட்டி என்றால் ட்லீச்சோ மொழியில் கொழுப்பு ஏரி. லாக் த கிரா என்ற பிரெஞ்சுப் பெயருக்கும் அதே பொருள்தான்.

ப்ளூசன் 1960இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலை, 1964இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம். அதன்பின் கனடா புவியியல் ஆய்வுத் துறையில் கள வரைபடப் பணி. யூகானுக்கும் வடமேற்குப் பிரதேசங்களுக்கும் இடையிலுள்ள செல்வின் மலைப்பகுதிதான் அவர் களம். ஃப்ளாட் ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள டங்ஸ்டன் படிவுகள் பற்றிய அவருடைய ஆய்வறிக்கை 1968இல் வெளிவந்தது. இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். வைரத்துக்கு வருவதற்கு முன்பே, ஆள் நடமாட்டமில்லாத நிலத்தைப் படித்து வரைபடமாக்கும் பயிற்சி பல ஆண்டுகளாக அவருக்கு இருந்தது.

ஃபிப்கேயின் பலம் வேறு. கெலோனாவில் கனக் கனிமங்களைப் பிரிக்கும் ஆய்வகம் வைத்திருந்தார். சுப்பீரியர் ஆயில் நிறுவனத்தின் கனிமப் பிரிவு வைரம் தேட அவரை அமர்த்தியது. எண்பதுகளின் தொடக்கத்தில் மெக்கென்சி பள்ளத்தாக்கில் பிளாக்வாட்டர் ஏரிப் பக்கம் வைர நிறுவனமான டி பியர்ஸின் ஆய்வுப் பிரிவு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது. ஃபிப்கே தரப்பு எடுத்த மாதிரியிலும் வைரத்தின் சுட்டிக் கனிமங்கள், அதாவது வைரத்தோடு சேர்ந்து வரும் கனிமங்கள், வந்தன. ஆனால் வைரத்தை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட்டின் குழாய் எதுவும் அக்கம்பக்கத்தில் அகப்படவில்லை.

இந்த இடத்தில்தான் ப்ளூசன் வருகிறார். ஆற்று மணலில் துகள் கிடைத்தால் ஆற்றை எதிர்த்து மேலே போவது வழக்கமான முறை. ஆனால் இங்கே துகளைச் சுமந்து வந்தது ஆறு அல்ல, கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம். ஆறு பள்ளம் பார்த்துப் போகும். பனிப்பாளமோ தன் மேற்பரப்பு சரியும் திசையில் போகும். அடியில் மேடு இருந்தால் அதன் மேலும் ஏறிப் போகும். அப்பகுதியில் பனி நகர்ந்தது கிழக்கிலிருந்து, ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே கீவாட்டின் பக்கம் குவிந்திருந்த பனிமேட்டிலிருந்து. ஆகவே தேட வேண்டியது கிழக்கே, பனி வந்த வழியை எதிர்த்து.

அந்த வழி நேராக ஸ்லேவ் கிராட்டன் என்ற மிகப் பழைய நிலக்கூறுக்குள் போனது. வைரமுள்ள கிம்பர்லைட்டுகள் 250 கோடி ஆண்டுக்கு மேல் பழைய, அசையாத நிலக்கூறுகளில்தான் வரும் என்பது கிளிஃபர்ட் விதி. ஸ்லேவ் கிராட்டனில் உள்ள அகாஸ்டா நைஸ் பாறைக்கு வயது சுமார் 400 கோடி ஆண்டு. பனித்தடமும் பாறை வயதும் ஒரே பக்கம் கை காட்டின.

பனியின் திசையைப் படிப்பதில் இரண்டு இடத்தில் சறுக்கும். பாறை மேல் உள்ள கீறல் ஒரு கோட்டைத்தான் தரும். பனி அந்தக் கோட்டின் எந்த முனையிலிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்குப் பாறைத் திட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்: பனி வந்து மோதிய பக்கம் வழவழப்பாகச் சரிந்திருக்கும், போன பக்கம் பிடுங்கி எடுத்ததுபோல் கரடாக இருக்கும். அடுத்தது, லாக் த கிரா பகுதியில் பனி ஒரே திசையில் போகவில்லை. முதலில் தென்மேற்கு, பிறகு மேற்கு, கடைசியில் வடமேற்கு. கடைசிக் கீறலை மட்டும் நம்பிப் பின்னோக்கி நடந்தால் குழாயைத் தாண்டிப் போய்விடலாம்.

சல்லடை

பனித்தடம் களத்தைச் சொல்லிவிட்டார். நான் ஆய்வகப் பக்கத்தைச் சொல்கிறேன்.

வைரத்தையே தேடினால் கிடைக்காது. வளமான கிம்பர்லைட்டிலும் அது டன்னுக்கு ஒன்றிரண்டு காரட்தான், அதாவது அரை கிராமுக்கும் குறைவு. அதோடு சேர்ந்து மேலே வரும் கனிமங்களோ ஏராளம். கத்தரிப்பூ நிறத்தில் பைரோப் கார்னெட், மரகதப் பச்சையில் குரோம் டயாப்சைடு, கருப்பில் இல்மனைட், குரோமைட். சாதாரண மணல் குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. குரோம் டயாப்சைடு 3.3 பக்கம், பைரோப் 3.6 பக்கம், இல்மனைட் 4.7. இந்த இடைவெளிதான் முழு வேலைக்கும் ஆதாரம்.

மாதிரி ஒன்றுக்கு 10 முதல் 25 கிலோ. உறைநிலத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கக் கூடாது. உறைந்து உருகி உறைந்து, அடியிலுள்ள சேறு வட்டம் வட்டமாக மேலே பிதுங்கியிருக்கும். அந்தச் சேற்றுக் கொப்புளத்திலிருந்து எடுத்தால் சிதையாத படிவு கிடைக்கும். எஸ்கர் மணலும் எடுப்பார்கள். பனிக்கு அடியில் ஓடிய ஆறு விட்டுப்போன நீண்ட மணல் வரப்புதான் எஸ்கர். ஒரே ஒரு மாதிரியே பெரிய பரப்பைப் பிரதிநிதிப்படுத்தும் என்பதால் ஆளும் பணமும் குறைவான குழுவுக்கு அது வரம். ஆனால் அதில் துகள் இரண்டு முறை பயணம் செய்திருக்கிறது: முதலில் பனியோடு, பிறகு அந்த ஆற்றோடு. இருக்கும் வட்டாரத்தை எஸ்கர் சொல்லும். குழாயைக் குறிவைக்கப் பனிப்பாளமே நேராக விட்டுப்போன படிவின் மாதிரிதான் வேண்டும்.

ஆய்வகத்தில் 2 மி.மீ.க்கு மேற்பட்டதைச் சலித்து ஒதுக்கி, 0.25 மி.மீ.க்குக் கீழான நுண்மண்ணைக் கழுவி நீக்குவார்கள். மீதியை அதிரும் மேசையில் ஓடவிட்டால் கனமானது ஒரு பக்கம் சேரும். பிறகு கனத்திரவம்: முதலில் டெட்ராபுரோமோஈத்தேன், ஒப்படர்த்தி 2.96, குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மிதந்து போய்விடும். அடுத்து மெத்திலீன் அயோடைடு. இதை அப்படியே 3.3இல் பயன்படுத்தினால் குரோம் டயாப்சைடு மிதக்கலாம், மூழ்கலாம்; நிச்சயமில்லை. தேடுகிற பொருளையே கழிவோடு கொட்டிவிடுவோம். அதனால் அசிட்டோன் கலந்து 3.2க்கு இறக்கிக்கொள்வது நல்லது. இரண்டு திரவமும் நச்சு. புகைபோக்கி இல்லாத அறையில் தொடவே கூடாது.

மூழ்கியதில் மேக்னடைட்டைக் கைக்காந்தத்தால் எடுத்துவிட்டு, மீதியை நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்க வேண்டும். காலமெல்லாம் இங்கேதான் கரைகிறது. ஒரு மாதிரியில் பல்லாயிரம் துகள் இருக்கும், வேண்டியது நாலோ ஐந்தோ. கண் சோர்ந்தால் விட்டுப்போகும். அதனால் ஒருவர் பொறுக்கி முடித்ததில் ஒரு பங்கை இன்னொருவர் மறுபடி பார்ப்பது வழக்கம். இன்னொரு பெரிய ஆபத்து கலப்படம். முந்தைய மாதிரியின் ஒரே ஒரு கார்னெட் சல்லடைக் கண்ணியில் மாட்டியிருந்தால் போதும், ஒன்றுமில்லாத இடம் வைர நிலம்போல் தெரியும்.

கடைசிப் படி, துகளின் வேதிக் கூட்டை அளக்கும் எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்னி செய்த வேலைக்கு இங்கே பெரிய மதிப்பு. குரோமியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள பைரோப், அதாவது ஜி10 வகை, வைரம் நிலைத்திருக்கும் ஆழத்துப் பாறையிலிருந்து வந்தது. சுமார் 150 கி.மீ.க்குக் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் கூடுதலான ஜி9 வகை மட்டுமே வந்தால் கிம்பர்லைட் இருக்கலாம், வைரம் இல்லாமலும் போகலாம். கத்தரிப்பூ நிறம் பார்த்தவுடன் துள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

மணல்தேடி

மிக்க நன்றி. குழாய் நெருங்கிவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்? துகள் எண்ணிக்கை கூடுவது மட்டும்தானா?

சல்லடை

எண்ணிக்கை மட்டுமல்ல, துகளின் உடம்பும் சொல்லும். குரோம் டயாப்சைடு எளிதில் பிளந்து நொறுங்கும், தூரம் தாங்காது. அது நிறைய, அதுவும் பெரிதாக வந்தால் மூலம் பக்கத்தில். கார்னெட்டைச் சுற்றிக் கிம்பர்லைட்டுக்குள் உருவாகும் கெலிஃபைட் என்ற மெல்லிய கருந்தோல் இருக்கும். உரசி உரசி அது முதலில் போய்விடும். தோலோடு வந்த கார்னெட் அதிகம் பயணம் செய்யாதது. இன்னொரு குறி, திடீரென்று துகளே இல்லாமல் போவது. பனி வந்த திசையை எதிர்த்து நடக்கும்போது எண்ணிக்கை ஏறி ஏறி ஓர் இடத்தில் சட்டென்று பூஜ்யமானால், குழாயைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு அடி திரும்பி வர வேண்டும்.

துளைக்கோல்

பத்தாண்டு ஆனதற்குக் காரணம் பாதி பணம், பாதி ஆய்வகம். சுப்பீரியர் எண்பதுகளின் தொடக்கத்திலேயே வைரத் தேடலைக் கைவிட்டது. ஃபிப்கேயும் ப்ளூசனும் சொந்தமாகத் தொடர்ந்தார்கள். 1984இல் ஃபிப்கே டயா மெட் மினரல்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 1985இல் லாக் த கிரா பக்கம் மாதிரி எடுத்தும், நிலத்துக்கு உரிமை பதிய 1989 ஆகிவிட்டது. சல்லடை சொன்ன அந்தப் பொறுக்கும் வேலை மூட்டை மூட்டையாகக் காத்திருந்ததை நினைத்துப் பார்த்தால் தாமதம் புரியும். நடுவில் பெரிய நிறுவனம் ஒன்று வந்து எல்லைக் கம்பம் நட்டிருந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் போயிருக்கும். அவர்கள் வாய் திறக்காமல் இருந்தது பிடிவாதத்தால் அல்ல, வேறு வழியில்லாததால்.

எல்லைக் கம்பம் நடுவதும் சும்மா இல்லை. அங்கே மரமே கிடையாது, கம்பத்தையும் விமானத்தில் கொண்டுபோக வேண்டும்.

கிம்பர்லைட் சுற்றியுள்ள கிரானைட்டைவிட மென்மையானது. பனி அதை ஆழமாகச் சுரண்டிவிட்டது, பள்ளத்தில் நீர் நின்றது. அதனால் குழாய்கள் பலவும் ஏரிக்கு அடியில். ஆனால் ஆயிரக்கணக்கான ஏரிகளில் எது குழாய் ஏரி? 1990இல் பாயின்ட் ஏரிக் கரையில் குரோம் டயாப்சைடு கிடைத்தது விடையை நெருக்கிக் கொடுத்தது. அதே ஆண்டு பி.எச்.பி. என்ற பெரிய சுரங்க நிறுவனம் கூட்டாளியாக வந்தது. முன்பு சுப்பீரியரில் இருந்த ஹ்யூகோ டம்மட் அப்போது பி.எச்.பி.யில் இருந்ததால் இந்தத் தேடலின் மதிப்பு அங்கே விளக்காமலே புரிந்தது.

1991 செப்டம்பரில் கரையிலிருந்து சாய்வாக ஏரிக்கு அடியில் துளையிட்டார்கள். நவம்பரில் அறிவிப்பு: 59 கிலோ கிம்பர்லைட்டில் 81 வைரம். இதைப் பல கட்டுரைகள் 81 நகைக்கல் கிடைத்ததுபோல் எழுதுகின்றன. எல்லாமே 2 மி.மீ.க்கும் சிறியவை. அதன் முக்கியத்துவம் விலையில் இல்லை. அவ்வளவு சிறிய மாதிரியில் அத்தனை துகள் என்றால் குழாய் வைரம் சுமப்பது உறுதி. அது போதும், கனடாவின் மிகப் பெரிய நில உரிமைப் பாய்ச்சல்களில் ஒன்று தொடங்கிவிட்டது.

மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: வைரம் இருப்பதும் சுரங்கம் லாபம் தருவதும் வேறு வேறு. பாயின்ட் ஏரியில் 160 டன் மாதிரி எடுத்துப் பார்த்தபோது 101 காரட். டன்னுக்கு 0.63. கல்லின் தரமும் சேர்த்துப் பார்த்தால் அந்த வனாந்தரத்தில் சுரங்கம் தோண்ட அது போதவில்லை. 1998 அக்டோபரில் ஏகாட்டி திறந்தபோது முதலில் தோண்டியது பாண்டா குழாயை. ஏரி நீரை இறைத்து, மீனை அப்புறப்படுத்தி, ஓடையைப் புதிய கால்வாயில் திருப்பிவிட்ட பிறகே தோண்டினார்கள். எரிபொருளும் இயந்திரமும் ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மாதமே திறந்திருக்கும் பனிச்சாலையில் போக வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் தவறியதை விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும்.

கொடைக்கணக்கு

பணப் பகுதியில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஏகாட்டித் திட்டத்தில் ப்ளூசனுக்கு இருந்த 10 சதவீத உரிமை. 1990 ஒப்பந்தப்படி பி.எச்.பி.க்கு 51 சதவீதம், டயா மெட்டுக்கு 29, ஃபிப்கேக்கு 10, ப்ளூசனுக்கு 10. கடைசி இரண்டும் நிறுவனப் பங்கு அல்ல, கூட்டுத் திட்டத்தில் தனிப்பட்ட நேரடி உரிமை. 2001இல் பி.எச்.பி. 68.7 கோடி கனடிய டாலருக்கு டயா மெட்டை வாங்கியபோது அதன் உரிமை 80 ஆயிற்று. இருவரின் பத்துப் பத்து சதவீதமும் அப்படியே நின்றன. ஆய்வாளர்கள் பெரும்பாலும் நிறுவனப் பங்கை வைத்திருப்பார்கள், அடுத்தடுத்த மூலதனத்தில் அது நீர்த்துப்போகும். திட்ட உரிமையைக் கையில் வைத்துக்கொண்டதுதான் ப்ளூசனின் கொடைகளுக்கு அடித்தளம் என்பது என் கருத்து.

5 கோடி டாலர் கொடுத்தது சுரங்கம் திறந்த அதே 1998இல். அப்போது கனடாவில் ஒரு பொது நிறுவனத்துக்குத் தனிநபர் கொடுத்த மிகப் பெரிய கொடை அது. இன்னும் முக்கியமானது, அதில் கட்டுப்பாடு வைக்கவில்லை. கட்டடம் கட்டு, என் துறைக்குக் கொடு என்று எதுவும் இல்லை, அடிப்படை ஆராய்ச்சிக்கு.

இதன் வலிமை புரிய 1997இல் கூட்டரசு தொடங்கிய கனடா புத்தாக்க அறக்கட்டளையின் விதியைப் பார்க்க வேண்டும். அது அங்கீகரித்த ஆய்வுக் கருவி, கட்டமைப்புச் செலவில் 40 சதவீதம் வரை தரும். வழக்கமாக மாகாணம் இன்னொரு 40. மீதி 20 சதவீதத்தைப் பல்கலைக்கழகமும் அதன் கூட்டாளிகளும் தேட வேண்டும். பல நல்ல திட்டங்கள் அந்த 20 இல்லாமல்தான் நிற்கும். ப்ளூசன் கொடை அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. கணக்குப் போட்டால், இருபது சதவீதமாக வைக்கும் ஒரு டாலர் இன்னும் நான்கு டாலரை இழுத்து வரும். பெயர்ப்பலகைக்கு மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

மணல்தேடி

இது புதிய செய்தி. அப்படியானால் அவர் பெயரில் உள்ள கட்டடங்கள்?

கொடைக்கணக்கு

இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ப்ளூசன் குவாண்டம் பொருள் நிறுவனம். வான்கூவர் பொது மருத்துவமனை வளாகத்தில் 2008இல் திறந்த ப்ளூசன் தண்டுவட மையம். தண்டுவடக் காயம் பற்றிய ஐகார்ட் ஆய்வுக்குழு அங்கேதான். பர்னபியில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் ப்ளூசன் ஹால், உடல்நல அறிவியல் புலத்துக்கானது. ஸ்குவாமிஷில் 2007இல் வகுப்பு தொடங்கிய குவெஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்டூவர்ட், மர்லின் ப்ளூசன் தம்பதியே தொடக்கக் கொடையாளர்கள். அங்கே 2023இல் வகுப்புகள் நின்றன. இதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஓடுகிற பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது வேறு, ஒன்றை வெறுமையிலிருந்து எழுப்புவது வேறு. இரண்டாவதற்குத் தொடக்கப் பணம் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கை வேண்டும்.

பனித்தடம்

ஒரு சிறு சேர்க்கை. ஃபிப்கேயும் அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஒகனகன் வளாகத்தில் அவர் பெயரில் ஆய்வு மையம் உண்டு. கட்டுரையில் இருவரையும் போட்டியாக நிறுத்த வேண்டாம். ஆய்வகமும் துகளும் ஃபிப்கே பக்கம், பனித்தடத்தைப் படித்தது ப்ளூசன் பக்கம் என்று எழுதினால் போதும். வரைபடம் போடுவதானால் பிளாக்வாட்டர் ஏரி, லாக் த கிரா, கீவாட்டின் மூன்றையும் ஒரே படத்தில் வைத்து, பனியின் அம்புக்குறியைக் கிழக்கிலிருந்து மேற்காகவும் தேடலின் அம்புக்குறியை எதிர்த்திசையிலும் போடுங்கள்.

மணல்தேடி

அப்படியே செய்கிறேன். "81 வைரம்" வரியையும் "வடதுருவம்" வரியையும் இப்போதே திருத்திவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.